பொள்ளாச்சியின் 176

நம் வட்டத்து நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹா நகரில் குடியிருக்கிறார். பிறந்தது பொள்ளாச்சிக்கு அருகே, தென்னந்தோப்புகளுக்கு நடுவிலான ஒரு சிற்றூரில். 2024 அக்டோபரில் அவர் நமக்கு ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தார். வீட்டு முன்புறப் புல்தரையில் நட்டுவைத்த வெள்ளைப் பலகை. அதில் எழுத்து ஒன்றும் இல்லை. நடுவே பெரிய நீலப் பொட்டு மட்டும். உடன் சில வரிகள்: "மாநிலம் முழுக்கச் சிவப்புக் கட்சி. எங்கள் ஊர் மட்டும் நீலம். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு வாக்கு இருக்கிறது. நம் பொள்ளாச்சிக்கு அப்படி ஒன்று உண்டா?"

இல்லை என்றுதான் முதலில் எழுத நினைத்தோம். நம் நாட்டில் குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லையே என்பது உடனே தோன்றிய விடை. பிறகு அரசியல் சட்டத்தைப் புரட்டியபோது நம் விடை பிழை என்று தெரிந்தது. பொள்ளாச்சிக்கு அப்படி ஒரு வாக்கு உண்டு. அதற்கு ஒரு மதிப்பும் உண்டு: 176. அந்த எண் எங்கிருந்து வந்தது, அது யாருடையது, ஏன் ஐம்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

ஒமாஹாவின் ஒற்றை வாக்கு

நண்பரின் பொட்டிலிருந்தே தொடங்குவோம். அமெரிக்கக் குடியரசுத் தலைவரை 538 தேர்வாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்குக் கீழவையில் எத்தனை இடங்களோ அத்தனை தேர்வாளர்கள். மேலவையின் இரண்டு இடங்களுக்காக மேலும் இருவர். தலைநகர் வாஷிங்டனுக்கு மூவர். 270 பேரின் ஆதரவைப் பெற்றவர் வென்றவர். ஒரு மாநிலம் தன் தேர்வாளர்களை எவ்வாறு நியமிப்பது என்பதை அந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்று அந்நாட்டு அரசியல் சட்டம் விட்டுவிட்டது.

இன்று 48 மாநிலங்களும் தலைநகரும் ஒரே வழியைப் பின்பற்றுகின்றன. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணி, அதில் முந்தியவருக்கே எல்லாத் தேர்வாளர்களையும் கொடுத்துவிடுவது அவ்வழி. 2024இல் கலிபோர்னியாவில் டிரம்புக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். அம்மாநிலத்தின் 54 தேர்வாளர்களில் ஒருவர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விலகி நிற்பவை இரண்டு மாநிலங்கள். மெய்ன் 1969இல் சட்டம் இயற்றி 1972 தேர்தலில் நடைமுறைப்படுத்தியது. நெப்ராஸ்கா 1991இல் இயற்றி 1992இல் தொடங்கியது. இவ்விரண்டிலும் மாநில அளவில் முந்தியவருக்கு இரண்டு தேர்வாளர்கள். மற்றவர்கள் கீழவைத் தொகுதிக்கு ஒருவராக, அந்தந்தத் தொகுதியில் முந்தியவருக்கு. மெய்னுக்கு மொத்தம் நால்வர், நெப்ராஸ்காவுக்கு ஐவர். ஒமாஹா அடங்கிய இரண்டாம் தொகுதி 2008இல் ஒபாமாவுக்கும், 2020இல் பைடனுக்கும், 2024இல் கமலா ஹாரிஸுக்கும் தன் ஒற்றைத் தேர்வாளரைக் கொடுத்தது. மெய்ன் மாநிலத்தின் வடபகுதித் தொகுதி 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அதேபோல டிரம்பின் பக்கம் தனித்து நின்றது.

ஒற்றைத் தேர்வாளர்தானே என்று தோன்றலாம். 2024இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் வென்று, போட்டி கடுமையாக இருந்த மற்ற மாநிலங்களைக் கமலா ஹாரிஸ் இழந்திருந்தால், ஒமாஹாவையும் சேர்த்து அவருக்குச் சரியாக 270 வந்திருக்கும். ஒமாஹா இல்லாவிட்டால் 269. அந்தக் கணக்கு இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வாண்டு செப்டம்பரில், தேர்தலுக்கு ஆறேழு வாரங்களே இருந்தபோது, நெப்ராஸ்காவின் முறையை மாற்றிவிடக் கடும் முயற்சி நடந்தது. 49 உறுப்பினர் கொண்ட அம்மாநிலச் சட்டமன்றத்தில், முட்டுக்கட்டையை மீறத் தேவையான 33 பேர் சேரவில்லை. நண்பர் வீட்டு முற்றத்தின் பொட்டு அப்படித்தான் பிழைத்தது.

ஜெபர்சன் கற்ற பாடம்

தொகுதிவாரி முறை புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்திலேயே அது இருந்தது. அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் முதன்மையானவரான மாடிசன், சட்டம் எழுதப்பட்டபோது பெரும்பாலோர் மனத்தில் இருந்தது தொகுதிவாரி முறையே என்று 1823இல் ஒரு கடிதத்தில் நினைவுகூர்ந்தார்.

பிறகு ஏன் அது மறைந்தது? விடை 1796 தேர்தலில் இருக்கிறது. அவ்வாண்டு ஜான் ஆடம்ஸ் 71 தேர்வாளர்களையும் தாமஸ் ஜெபர்சன் 68 தேர்வாளர்களையும் பெற்றனர். ஜெபர்சனின் சொந்த மாநிலமான வெர்ஜீனியா தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுத்தது; 21 பேரில் ஒருவர் ஆடம்ஸுக்குப் போனார். வட கரோலினாவும் தொகுதிவாரியே. அங்கிருந்தும் ஒருவர் ஆடம்ஸுக்கு. இவ்விருவரும் மாறியிருந்தால் ஜெபர்சனுக்கு 70, ஆடம்ஸுக்கு 69.

1800 தேர்தல் நெருங்கியபோது ஜெபர்சன் தம் நண்பர் மன்றோவுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: எல்லா மாநிலங்களும் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்குமானால் அதுவே சிறந்தது; பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் வாக்கைச் சிதறாமல் மொத்தமாகக் கொடுக்கும்போது நாம் மட்டும் பிரித்துக் கொடுப்பது அறிவீனம். வெர்ஜீனியா தன் முறையை மாற்றிக்கொண்டது. ஆடம்ஸின் மாநிலமான மாசசூசெட்ஸ் பதிலுக்குத் தேர்வாளர் நியமனத்தைத் தன் சட்டமன்றத்தின் கையில் எடுத்துக்கொண்டது. ஒருவர் வேலியை நகர்த்தியதும் பக்கத்துக் காட்டுக்காரரும் நகர்த்தினார். 1836 வாக்கில், தென் கரோலினாவைத் தவிர எல்லா மாநிலங்களும் 'முந்தியவருக்கே அனைத்தும்' என்ற முறைக்கு வந்துவிட்டன.

இடையில் ஒரு முறை பழைய முறை மீண்டு வந்தது. மிச்சிகன் குடியரசுக் கட்சியின் கோட்டை. 1890 தேர்தலில் அதன் சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. வந்தவர்கள் 1891இல் தொகுதிவாரி முறையைச் சட்டமாக்கினர். மாநில மக்களின் குரல் நுண்மையாக ஒலிக்க வேண்டும் என்ற அக்கறை அதற்குக் காரணம் அன்று. மொத்தமாக இழக்கப்போவதில் பாதியையாவது மீட்கலாமே என்ற கணக்கு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 1892இல் தீர்ப்பு வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மிச்சிகனின் 14 தேர்வாளர்களில் ஒன்பது பேர் ஹாரிசனுக்கும் ஐந்து பேர் கிளீவ்லண்டுக்கும் சென்றனர். குடியரசுக் கட்சி சட்டமன்றத்தை மீட்டதும் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது.

ஒமாஹாவிலிருந்து மிச்சிகன் வரை இந்தக் கதைகளில் பொதுவான ஒன்று உண்டு. விதியை மாற்றும் அதிகாரம், அந்த விதியால் வெல்லவோ தோற்கவோ போகிறவர்களிடமே இருந்தது.

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் இருந்த சபை

இனி நம் வீட்டுக்கு வருவோம். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்த சி. சுப்பிரமணியம் பின்னாளில் உணவு அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தவர் என்று பலருக்கும் தெரியும். 1962இல் பொள்ளாச்சியிலிருந்துதான் மக்களவைக்குப் போனார். அதற்கு முன்பே அவர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக இருந்தார் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. குடியரசுத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை அந்தச் சபை 1947 ஜூலை முதலே விவாதித்தது.

வயதுவந்தோர் அனைவரும் நேராக வாக்களிக்க வேண்டும் என்றார் கே. டி. ஷா. நேரு மறுத்தார். நாடு முழுவதும் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்கு உண்மையான அதிகாரம் எதுவும் இல்லை என்பது பொருந்தாது. அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் மையம். நாடாளுமன்றம் மட்டும் தேர்ந்தெடுத்தால் அதில் பெரும்பான்மை கொண்ட கட்சியின் ஆளே குடியரசுத் தலைவராவார் என்ற கவலையும் எழுந்தது. எனவே மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களையும் சேர்த்தார்கள். அரசியல் சட்டத்தின் 54, 55ஆம் விதிகள் அப்படி உருவாயின.

55ஆம் விதியின் கணக்கு எளியது. மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்ததை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மீதி ஐந்நூறுக்குக் குறையாவிட்டால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் 1971ஆம் ஆண்டு மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 உறுப்பினர்களால் வகுத்தால் 1,76,065. ஆயிரத்தால் வகுத்தால் 176. மீதி 65 கழிந்துபோகிறது. ஒவ்வொரு தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கும் மதிப்பு 176 ஆனது இப்படித்தான். உத்தரப் பிரதேசத்து உறுப்பினருக்கு 208, கேரளத்தவருக்கு 152, சிக்கிம் உறுப்பினருக்கு 7. நாட்டின் எல்லாச் சட்டமன்ற வாக்குகளையும் கூட்டி, அதை நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அவர்களுடைய வாக்கின் மதிப்பு வரும். 2022இல் அது 700.

அமெரிக்கர்கள் இருநூறு ஆண்டுகளாகச் சண்டையிட்ட கேள்விக்கு இந்த விதி சத்தமில்லாமல் ஒரு விடை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 41,184 வாக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை மொத்தமாக ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கும் இல்லை, சட்டமன்றப் பெரும்பான்மைக்கும் இல்லை. அது 234 துண்டுகளாகப் பிரிந்து 234 தொகுதிகளின் உறுப்பினர்களிடம் இருக்கிறது. வாக்குச் சீட்டு இரகசியமானது. கட்சிக் கொறடாவின் கட்டளை இங்கே செல்லாது. ஆழியாற்றுப் பாசனத்தில் தண்ணீரை மடைக்கு மடை பிரித்துவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அணை ஒன்றுதான், ஆனால் எந்த மடைக்காரரும் தன் பங்கைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறார்.

1969, 2022

இந்தப் பிரிவினைக்கு உண்மையிலேயே விளைவு உண்டா? 1969ஐப் பார்ப்போம். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் அவர் பக்கம். இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொண்டு, சுயேச்சையாக நின்ற வி. வி. கிரியின் பக்கம் இருந்தார். தமிழ்நாட்டில் அப்போது ஆட்சியில் இருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது. சி. சுப்பிரமணியம் இந்திரா காந்தியோடு நின்று, அவ்வாண்டின் பிற்பகுதியில் கட்சி பிளந்தபோது அத்தரப்பின் இடைக்காலத் தலைவரானார்.

ஆகஸ்டு 20 அன்று எண்ணியபோது முதல் விருப்ப வாக்கில் யாரும் வரம்பை எட்டவில்லை. கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, மூன்றாமவரான சி. டி. தேஷ்முக்குக்கு 1,12,769. இரண்டாம் விருப்ப வாக்குகளைச் சேர்த்த பின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650. அப்போது 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 144 என்று கணக்கிட்டால், நாட்டின் குடியரசுத் தலைவரைத் தீர்மானித்த வித்தியாசம் நம் மாநிலத்து உறுப்பினர்கள் நூற்றிரண்டு பேரின் வாக்குக்குச் சமம். காங்கிரஸ் ஆண்ட மாநிலங்களில் அக்கட்சியின் உறுப்பினர்களே இரு பக்கமும் பிரிந்து வாக்களித்ததால்தான் முடிவு அப்படி அமைந்தது. ஒரு மாநிலம் ஒரே மூட்டையாக வாக்களித்திருக்குமானால் மனசாட்சி என்ற சொல்லுக்கு அத்தேர்தலில் இடமே இருந்திருக்காது.

இனி 2022. அதற்கு முந்தைய ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி 159 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தது. ஆனால் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்கே போயின: ஒன்பது அ.தி.மு.க.வுக்கு, கோவை தெற்கு பா.ஜ.க.வுக்கு. குடியரசுத் தலைவர் தேர்தலில் இவ்விரு கட்சிகளும் திரௌபதி முர்முவை ஆதரித்தன, தி.மு.க. யஷ்வந்த் சின்காவை ஆதரித்தது. கட்சி நிலைப்படி பார்த்தால் கோவை மாவட்டத்தின் 1,760 மதிப்பு ஒரு பக்கம், மாநில அரசு மறுபக்கம். ஒமாஹாவின் நீலப் பொட்டைப் போலக் கோவையும் அன்று ஒரு பொட்டாக இருந்தது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் பொள்ளாச்சி தி.மு.க.வுக்குச் சென்றிருந்தது. எனவே 2022இல் பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களுடைய 1,056 மதிப்பு ஒரு வேட்பாளரை ஆதரித்த கட்சியிடமும், அதே மண்ணின் நாடாளுமன்ற உறுப்பினருடைய 700 மதிப்பு எதிர் வேட்பாளரை ஆதரித்த கட்சியிடமும் இருந்தன. இரண்டாண்டு இடைவெளியில் மக்கள் சொன்ன இரண்டு வேறு விடைகளும் ஒரே தேர்தலில் எண்ணிக்கைக்கு வந்தன.

மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு

இதுவரை படித்தவர்களுக்கு, தொகுதிவாரி முறையே நியாயமானது என்று தோன்றியிருக்கும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரண்டு எண்கள் நம்மைத் தடுத்தன.

முதல் எண் உள்ளூர் எண். 2021இல் பொள்ளாச்சிச் சட்டமன்றத் தொகுதியில் வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையே இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளே வித்தியாசம். தோற்ற தரப்புக்கு வாக்களித்தவர்கள் எழுபத்தையாயிரத்துக்கும் மேல். அந்தத் தரப்பினரின் விருப்பம் 176இல் ஒரு பங்காகக்கூடச் சேரவில்லை. முந்தியவருக்கே அனைத்தும் என்ற விதி மாநில அளவில் இல்லாமல் போனாலும் தொகுதி அளவில் அப்படியே இருக்கிறது. மேல்மாடியில் இருந்த குறையைக் கீழ்மாடிக்கு இறக்கி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது எண் அமெரிக்காவினுடையது. 2012இல் ஒபாமா நாடு முழுவதும் ராம்னியைவிட ஏறக்குறைய 50 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். தேர்வாளர் கணக்கில் அவருக்கு 332, ராம்னிக்கு 206. எல்லா மாநிலங்களும் நெப்ராஸ்காவைப் போல் தொகுதிவாரியாகக் கொடுத்திருந்தால் ராம்னி 274க்கு 264 என்ற கணக்கில் வென்றிருப்பார். பென்சில்வேனியாவை ஒபாமா வென்றார். ஆனால் அதன் 18 கீழவைத் தொகுதிகளில் 13இல் ராம்னியே முந்தினார். அத்தொகுதிகளின் எல்லையை வரைந்தது மாநிலச் சட்டமன்றம். வரைந்தவர்கள் எந்தக் கட்சியினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தையே தள்ளுபடி செய்தது. ஒமாஹாவின் கதையும் இப்படிப்பட்டதுதான். 2008இல் ஒபாமா அங்கே வென்ற பின் 2011இல் தொகுதியின் எல்லை மாற்றி வரையப்பட்டது. 2012இலும் 2016இலும் அது குடியரசுக் கட்சியிடம் போனது.

ஆக, வாக்கைத் தொகுதிக்குத் தொகுதி பிரித்துக் கொடுப்பதால் மட்டும் நியாயம் வந்துவிடாது. தொகுதியின் கோட்டை வரைபவர் யார், எந்தக் கணக்கை வைத்து வரைகிறார் என்பவை அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்.

தொண்டாமுத்தூர் பொள்ளாச்சிக்கு வந்த கதை

முதல் கேள்விக்கு நம் நாட்டின் விடை அமெரிக்காவினதைவிட மேலானது என்றே சொல்லத் தோன்றுகிறது. இங்கே கோடு வரைவது சட்டமன்றத்தின் வேலை அன்று. தொகுதி மறுவரையறை ஆணையத்தின் வேலை. கடைசியாக நடந்த மறுவரையறைக்கு உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமை வகித்தார். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் துணை உறுப்பினர்களாக அமர்ந்து கருத்துச் சொல்லலாம். வாக்களிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது.

2008இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆணையின் விளைவைப் பொள்ளாச்சி நேராகவே கண்டது. அதுவரை தனித்தொகுதியாக இருந்த பொள்ளாச்சி மக்களவைத் தொகுதி பொதுத்தொகுதியாயிற்று, நீலகிரி தனித்தொகுதியாயிற்று. தாராபுரமும் பொங்கலூரும் பொள்ளாச்சியிலிருந்து விலகின. புதிதாகப் பிறந்த மடத்துக்குளமும், வெள்ளியங்கிரி அடிவாரத்துத் தொண்டாமுத்தூரும் வந்து சேர்ந்தன. தொண்டாமுத்தூர்க்காரருக்குக் கடைவீதி, மருத்துவமனை, கல்லூரி எல்லாம் கோயம்புத்தூரில். நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் பொள்ளாச்சிக்கு. இதில் யாருடைய உள்நோக்கமும் இருந்ததாக நாம் சொல்லவில்லை. நேர்மையாக வரைந்த கோடும் எங்கோ ஓர் ஊரை அதன் அன்றாட வாழ்விலிருந்து அறுத்துத்தான் செல்லும் என்பதே நாம் சொல்ல வந்தது.

ஓர் ஊருக்கு இரண்டு நாள்காட்டி

இரண்டாவது கேள்வி, எந்தக் கணக்கை வைத்து என்பது. நம் கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் மாநிலங்களின் தொகுதி எண்ணிக்கையையும் குடியரசுத் தலைவர் தேர்தலின் வாக்கு மதிப்பையும் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஊக்கத்தோடு நடத்திய மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கக் கூடாது என்பது நோக்கம். 2000ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை என்பது அப்போது வைத்த கெடு. 84ஆவது திருத்தம் அந்தக் கெடுவை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2003இல் வந்த 87ஆவது திருத்தமோ, மாநிலத்துக்குள் எல்லைகளை வரைய மட்டும் 2001ஆம் ஆண்டுக் கணக்கைப் பயன்படுத்தலாம் என்றது.

இதன் விளைவு விநோதமானது. பொள்ளாச்சிச் சட்டமன்றத் தொகுதியின் எல்லை 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி வரையப்பட்டது. அக்கணக்கில் தமிழ்நாட்டின் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2.67 லட்சம் மக்கள். ஆனால் அதே தொகுதியின் உறுப்பினர் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது 1.76 லட்சம் பேரின் சார்பாகவே எண்ணப்படுகிறார். 1971க்குப் பின் பிறந்தவர் எவரும் அந்த 176இல் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதும் நம்மில் பெரும்பாலோரும் இல்லை. அக்கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்களில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் மட்டும் ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் தவறாமல் கணக்கில் வருகிறார்கள்.

இந்தப் பூட்டைத் திறந்தால் என்னவாகும்? 2011ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து நாமே போட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. உறுப்பினர் ஒருவருக்கு 308. உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை 19,98,12,341; 403 உறுப்பினர்கள்; ஒருவருக்கு 496. பழைய கணக்கில் பொள்ளாச்சி உறுப்பினரின் வாக்கு உத்தரப் பிரதேச உறுப்பினருடைய வாக்கில் நூற்றுக்கு 85 பங்கு. இந்தக் கணக்கில் 62 பங்கு. எண் வளர்ந்திருக்கிறது; எடை குறைந்திருக்கிறது.

இதில் நியாயம் ஒரே பக்கம் இருப்பதாக எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் 1990இல் பிறந்த ஒருவர், "நான் பிறந்ததே கணக்கில் இல்லையா?" என்று கேட்டால் அது நேர்மையான கேள்வி. பொள்ளாச்சியின் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரண்டு குழந்தைகள் போதும் என்று அரசு சொன்னதைக் கேட்டு நடந்த ஒரு தாயின் பிள்ளைகள், "அதற்குப் பரிசு இதுதானா?" என்று கேட்டால் அதுவும் நேர்மையான கேள்வியே. 1976இல் நம் நாடாளுமன்றம் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, விடை சொல்லாமல் கடிகாரத்தை நிறுத்தியது. 2001இல் மீண்டும் நிறுத்தியது. நிறுத்தி வைத்த கடிகாரத்தால் சண்டை தள்ளிப்போனது உண்மை. அந்த இடைவெளியில் இரு ஊர்களுக்கும் நடுவே வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனதும் உண்மை.

ஜெபர்சனின் கடிதத்தை இங்கே மறுபடி நினைத்துக்கொள்கிறோம். எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அவர் தொகுதிவாரி முறையையே விரும்பினார். பிறர் ஒப்புக்கொள்ளாத நிலையில் தாம் மட்டும் நியாயமாக இருக்க அவர் அஞ்சினார். அமெரிக்கா அந்த அச்சத்திலேயே தங்கிவிட்டது. இந்தியாவுக்குக் கிடைத்த நன்மை, 55ஆம் விதி எந்த மாநிலத்தையும் விட்டுவைக்காமல் எல்லாரையும் ஒரே நாளில் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது. தன் மாநிலத்துக்கு மட்டும் வேறு கணக்கு வைத்துக்கொள்ள எந்தச் சட்டமன்றத்தாலும் முடியாது. இனி அந்த எண்கள் மாறும்போதும் அந்த ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு. புதிய கணக்கைப் போடுவது யாராக இருந்தாலும், அதனால் இழக்கப்போகிறவர்களும் அமர்ந்து பேசி ஒப்புக்கொண்ட கணக்காக அது இருக்க வேண்டும். சி. சுப்பிரமணியம் இருந்த சபை மூன்றாண்டுக்கு அருகில் பேசித்தான் எழுதியது.

ஒமாஹா நண்பருக்கு இவ்வளவையும் எழுதவில்லை. "உண்டு. அதன் மதிப்பு 176. நீங்கள் பிறந்தது எந்த ஆண்டு?" என்று மட்டும் கேட்டோம். 1968 என்று பதில் வந்தது. அப்படியானால் அவர் அந்தக் கணக்கில் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டில் வாழும் அவர் பொள்ளாச்சியின் 176இல் இன்னும் ஒருவராக எண்ணப்படுகிறார். ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே வாக்களித்து வரும் அவருடைய தங்கை பிறந்தது 1973இல். அவர் இல்லை.